நூற்றிருபது குதிரைகளும் ஒரு தண்ணி டிராக்டரும்

பார்த்தசாரதி புதுக் கார் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் முகப்பேர் அடுக்ககத்தில், அவர் லிஃப்டுக்குள் நிற்பதைக் கண்டால் படியில் இறங்கிவிடுவதென்று பலர் பழகிக்கொண்டார்கள். மூன்றாவது மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் அவர் காரின் நூற்றிருபது ஹெச்பியும் சொல்லப்பட்டுவிடும். நூற்றிருபது குதிரை என்பதை அவர் உள்ளபடியே நம்பினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் கொள்முதல் அதிகாரியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும், அத்தனை குதிரைகளும் கீழே பார்க்கிங்கில் தனக்காகக் கட்டிப்போட்டுக் கிடக்கின்றன என்ற நினைப்பு அவருக்கு முதுகை நிமிர்த்தி வைத்தது.

ஆனால் அந்தக் குதிரைகளை அவர் ஒருநாளும் அவிழ்த்துவிட்டதில்லை. பெட்ரோல் வீணாகுமே. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டயலில் முள் இரண்டாயிரத்தைத் தொட்டாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். உடனே அடுத்த கியருக்கு மாற்றிவிடுவார். குதிரைகள் மொத்தமாக வந்து நிற்பது ஆறாயிரத்தில். பார்த்தசாரதி அந்தப் பக்கமே போனதில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனைவி கார்த்திகா, மச்சினி குடும்பம் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பாடி மேம்பாலத்தில் ஏறினார். மூன்றாவது கியர், மாட்டுவண்டி வேகம். பாதி ஏற்றத்தில் கார் இரண்டு தரம் குலுங்கி அணைந்துபோனது. பின்னால் ஹாரன்கள் அலறின. அப்போது பக்கத்தில் ஒரு பழைய டீசல் கார், தலைமேல் நாலு பிளைவுட் பலகையோடு, மூச்சு வாங்காமல் ஏறிப்போனது. அதன் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து அன்பாக ஆடியது.

கை யூசுப் பாயுடையது. எதிர் வீட்டுக்காரர். பூந்தமல்லியில் மரக்கடை. அவர் வண்டிக்கு வயது பன்னிரண்டு, ஹெச்பி எழுபத்தைந்து.

மறுநாள் பார்க்கிங்கில் பாய் காத்திருந்தார்.

"இன்னா சார், பாலத்து மேல நின்னு காத்து வாங்கினு இருந்தீங்க போல."

"கிளட்ச்ல சின்ன கோளாறு பாய்."

"கோளாறு கிளட்ச்ல இல்ல சார். உங்க வண்டிக்கு கம்மி சுத்துல டார்க் இல்ல. நீங்க ஹெச்பிய பாத்து வாங்கிட்டீங்க."

பாயும் லேசுப்பட்டவர் இல்லை. முறுக்குவிசையைக் குறிக்கும் டார்க் என்ற சொல்லை அவர் எங்கோ பிடித்துவந்து, கடைக்குக் கதவு வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு உதாரணத்தோடு ஆரம்பித்தார்.

"ஊறுகா பாட்டில் மூடி இறுகிப்போச்சுன்னு வைங்க. அத்த எவ்ளோ பலமா திருகறோமோ அதான் டார்க். நிமிஷத்துக்கு எத்தினி பாட்டில் தொறக்கறோமோ அது ஹெச்பி."

"அப்ப நிறைய பாட்டில் தொறக்கறவன்தானே பெரியவன்?"

"மொத பாட்டிலே தொறக்கலயே சார் நீங்க. பாலத்து மேலயே நின்னுட்டீங்களே."

காவலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்தசாரதி பார்த்துவிட்டார். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் விஷயம் ஊறுகாயோடு முடிந்திருக்கும். ஒரு மாதம் இழுத்தது. அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில், தண்ணீர் எப்போது வரும் என்று யாரோ கேட்டதற்குக் கீழே இவர்கள் இருவரும் குதிரையும் டார்க்குமாக மோதிக்கொண்டார்கள். பாயின் மனைவி சபீனா வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். அவர் ஒருநாள் குழுவில், "இரண்டு பேருமே பாதிதான் சொல்கிறீர்கள்" என்று ஆரம்பித்து விளக்கமாக எழுதினார். இரண்டு பேரும் அதற்குக் கும்பிடு பொம்மை போட்டுவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

கடைசியில் பார்த்தசாரதிதான் அந்த வார்த்தையை விட்டார். "ரெண்டு வண்டியையும் முதுகோட முதுகு கட்டி இழுத்துப் பாத்துடலாமா பாய்?"

பாரிவாக்கத்தில் பாய்க்கு ஒரு மனை இருந்தது. சுற்றிலும் காலி மனைகள், எல்லைக் கற்கள், நடுவில் ஏதோ ஒரு வீட்டுக்கு அஸ்திவார வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை, மனை பார்க்கப் போகிறோம் என்று சொல்லி மனைவிகளையும் கூட்டிப்போனார்கள். முந்தைய நாள் மழை. பாய் டிக்கியைத் திறந்து தேக்குக்கட்டை கட்டும் நைலான் கயிற்றை எடுத்தபோதுதான் கார்த்திகாவுக்குப் புரிந்தது.

"இதுக்கா பட்டுப்புடவ கட்டினு வரச் சொன்னீங்க?"

பார்த்தசாரதி காதில் வாங்கவில்லை. புதுக் காரில் கயிறு கட்டும் கொக்கி எங்கே என்று குனிந்து தேடினார். கிடைக்கவில்லை. கேட்பதற்கு ரோஷம் இடம்கொடுக்கவில்லை. பின் பம்பருக்கு அடியில் எதிலோ ஒன்றில் முடிச்சுப் போட்டார்.

"டார்க்னா இன்னாங்கறத இப்ப பாருங்க சார்," என்று பாய் வண்டியைக் கிளப்பினார்.

கயிறு விறைத்தது. பார்த்தசாரதி வழக்கம்போல முள்ளை இரண்டாயிரத்துக்குள் வைத்துக்கொண்டு கிளட்சைப் பாதி விட்டார். கார் முனகியது, பிறகு மெல்லப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. கண்ணாடியில் பாயின் வெள்ளைத் தொப்பி தூரப் போகவில்லை, அதோடு சேர்ந்து தானும் போய்க்கொண்டிருப்பதை அவர் உணர்ந்தார்.

"ஏங்க, ஆக்சிலேட்டர மிதிங்க. பெட்ரோலுக்கு நான் காசு தரேன்," என்று கார்த்திகாவின் குரல் வந்தது.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பார்த்தசாரதி பல்லைக் கடித்துக்கொண்டு மிதியைத் தரையோடு அழுத்தினார். முள் மூவாயிரம், ஐயாயிரம், ஆறாயிரம் என்று பாய்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நூற்றிருபது குதிரைகளும் ஒன்றாக வந்தன. வந்தவை காரை இழுக்காமல் நின்ற இடத்திலேயே சேற்றைத் தோண்டின. முன் சக்கரங்கள் சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தன. பாயும் விடவில்லை, டார்க் முழுவதையும் இறக்கினார். அவர் சக்கரமும் வழுக்கிச் சுற்றியது. நடுவில் கயிறு மட்டும் நேர்மையாக வேலை செய்தது. டப்பென்று ஒரு சத்தம். பார்த்தசாரதியின் பின் பம்பர் பிய்ந்து, பட்டம்போல ஆடிக்கொண்டு பாயின் டிக்கியில் போய் மோதியது.

இரண்டு கார்களும் அச்சுவரை புதைந்திருந்தன. கருகிய கிளட்ச் வாடை யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கார்த்திகாவின் பட்டிலும் சபீனாவின் துப்பட்டாவிலும் பாரிவாக்கத்து மண் சரிசமமாக ஒட்டியிருந்தது.

அஸ்திவார வேலைக்குத் தண்ணீர் கொண்டுவந்த டிராக்டர் ஒன்று டேங்கோடு வந்து நின்றது. ஓட்டிவந்தவர் வேம்புலியம்மாள். ஆண் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார். மேலிருந்தபடியே நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா நைனா, நாத்து நட வந்தீங்களா?"

பார்த்தசாரதி தயங்கித் தயங்கி, "உங்க டிராக்டர் எத்தனை ஹெச்பிங்க?" என்றார்.

"முப்பத்தஞ்சு. ஏன், பொண்ணு தரப்போறியா? ஜாதகம் விசாரிக்கற."

அந்த அம்மாள் இறங்கி, கயிற்றைப் பார்த்தசாரதியின் காருக்கடியில் சரியான இடத்தில் கட்டினார். அதன் மறுமுனை பாயின் வண்டியில். பாயின் வண்டி மூக்கில் டிராக்டர் சங்கிலி. பிறகு ஏறி உட்கார்ந்து, அடிக் கியரைப் போட்டு, பீடா மென்றுகொண்டே நகர்த்தினார். டிராக்டர் அவசரப்படவில்லை. ஆள் உயரச் சக்கரம் நிதானமாகச் சுற்ற, பாய் முன்னால் வர, பார்த்தசாரதி பின்னால் வர, இரண்டு கார்களும் கல்யாண ஊர்வலம்போல மேட்டுக்கு ஏறின.

"பாத்தீங்களா சார், என் வண்டி உங்கள இழுத்துகினு வந்திச்சு," என்றார் பாய்.

"இழுத்தது டிராக்டர் பாய்." பார்த்தசாரதி அதற்குள் ஃபோனில் தேடி முடித்திருந்தார். முகம் மலர்ந்தது. "அந்த டிராக்டர் இன்ஜினுக்கு உங்க வண்டிய விட டார்க் கம்மி. இதோ போட்டிருக்கான்."

பாய் வாங்கிப் பார்த்தார். தன்னிடம் ஹெச்பியும் அதிகம், டார்க்கும் அதிகம். ஆனாலும் சேறு தன் மேல். இது எந்த ஊறுகாய்க் கணக்கிலும் அடங்கவில்லை.

சபீனா துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே சொன்னார். "இன்ஜின் தர்ற டார்க்க கியர் பெருக்கிக் குடுக்கும். பதிலுக்கு வேகத்த எடுத்துக்கும். டிராக்டர் கியர் பல மடங்கு பெருக்குது, அதனாலதான் ஆமை மாதிரி போவுது. ஹெச்பிய மட்டும் எந்தக் கியராலயும் கூட்ட முடியாது. அப்புறம் வெயிட்டும் டயரும் தரையப் பிடிக்கணும், இல்லன்னா ரெண்டுமே வேஸ்ட். ஒரு மாசம் முன்னாடி குரூப்ல இதத்தான் எழுதினேன்."

"எழுதினியா?" என்றார் பாய்.

"நீங்க கும்பிடு போட்டீங்க. சார் ரெண்டு கும்பிடு போட்டாரு."

கார்த்திகா சிரிக்கவில்லை. கழன்ற பம்பரை எடுத்துப் பின் சீட்டில் குழந்தையைப் போலப் படுக்கவைத்துவிட்டு, சாவிக்குக் கை நீட்டினார். பார்த்தசாரதி கொடுத்துவிட்டார். முகப்பேர் வரை கார்த்திகாதான் ஓட்டினார். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் கியரை இறக்கி, முள்ளை நாலாயிரத்துக்கு விரட்டினார். கிளட்ச் வாடை அடித்தாலும் கார் ஒரு தரம்கூட அணையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெட்ரோல் முள்ளைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

மறுநாளிலிருந்து இரண்டு கார்களும் ஒர்க்‌ஷாப்பில். பார்த்தசாரதியும் யூசுப் பாயும் ஒரே நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றார்கள். முதல் நாள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் நாள் பாய் இடம் பிடித்து வைத்தார். பஸ் எழுபது எண்பது பேரைச் சுமந்துகொண்டு மேம்பாலத்தில் உறுமிக்கொண்டு ஏறியது.

பார்த்தசாரதி முன்னால் எட்டிப் பார்த்தார். நாக்கு நுனிவரை கேள்வி வந்துவிட்டது.

"கேக்காதீங்க சார்," என்றார் பாய். "கண்டக்டர் நம்மள எறக்கி உட்ருவான்."