பெண் பூச்சி கிடைக்கவில்லை

மழைக்காட்டில் நான் பிடித்துவந்த, இலைச்சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் ஏழும் ஆண். அரிசி அளவுகூட இல்லாத பச்சை உடம்பு, தலையில் இரண்டு கறுப்புப் புள்ளி. வயிற்று நுனியை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து, இது உலகத்துக்கே புது இனம் என்று உறுதிசெய்ய எட்டு மாதம் ஆனது. கண் பூத்துப்போனது.

கட்டுரையின் கடைசி வரியாக ‘பெண்: கிடைக்கவில்லை’ என்று தட்டும்போது அக்காவின் போன். நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள். வேலை நேரமாகப் பார்த்துக் கழுத்தறுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

“காட்டுலேர்ந்து பூச்செடி ஒண்ணு குடுத்தியே, அது இலை ஓரமெல்லாம் கருகுதுடி.”

“தண்ணி ஊத்துக்கா. எனக்குத் தலைக்கு மேல வேலை.”

“ஊத்தாமலா இருக்கேன்? பக்கத்துத் தொட்டியெல்லாம் கருகுது. இப்ப மாங்கன்னும். இலையைத் தொட்டா பச்சையா என்னவோ நண்டு மாதிரி பக்கவாட்டுல ஓடுது.”

என் விரல்கள் நின்றன. பூச்சிகளைப் பிடித்த அதே செடியைத்தான் வேரோடு பெயர்த்து அவளுக்குக் கொடுத்திருந்தேன். பெண் பூச்சி முட்டையைத் தண்டுக்குள் செருகிவைக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. வருஷாவருஷம் மாணவர்களுக்கு நானே நடத்தும் பாடம்.

“தலையில ரெண்டு கறுப்புப் புள்ளி இருக்கா?”

“ஆமா. உனக்கெப்படித் தெரியும்?”

“அக்கா, உடனே கேட்டைப் பூட்டு. ஒரு கன்னுகூட வெளிய போகக் கூடாது.”

அக்கா சிரித்தாள். “நீ வேற! காலையிலேயே மூணு லாரி கெளம்பியாச்சு. ஒண்ணொண்ணும் ஒவ்வொரு ஊருக்கு.”