எதிரொலியா, துகளா?

ஆய்வுக்கூடத்தின் நிலவறையில் ஆளுயரத் தொட்டி ஒன்று இருந்தது. வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் என்னும் துகள்கள் அதற்குள் நுழைந்தால் ஒரு மின்னல் வரும். சில துகள்கள் உள்ளேயே நின்று சிதையும். அப்போது பின்னாலேயே ஒரு குட்டி மின்னல் வரும். அந்தக் குட்டி மின்னல்களை எண்ணுவதுதான் குழுவின் வேலை. ஆனால் வரவேண்டியதில் பாதிகூடத் தேறவில்லை.

குழுத்தலைவி பழியைத் தூக்கிக் கொழுந்தன் தலையில் போட்டாள். மின்கருவிகள் எல்லாம் அவன் பொறுப்பு.

"உன் கேபிள்லதான் சிக்னல் எதிரொலிக்குது. அது போலி மின்னலா வந்து நிஜத்தை மறைக்குது."

"கேபிள் சும்மாதான் கிடக்கு. எதிரொலியைத் தள்ளுறேன்னு ஒரு வடிகட்டி புரோகிராம் எழுதினீங்களே, அதுதான் எல்லாத்தையும் முழுங்குது, அண்ணி!"

வேலையிடத்தில் 'மேடம்' என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். கோபம் வந்தால் அது காற்றில் பறந்துவிடும். சண்டை வீட்டுச் சாப்பாட்டு மேசைவரை வரும். அவள் கணவன் மனைவிக்கும் தம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பான்.

அந்த நேரத்தில்தான் நிலநடுக்க ஆய்வு மையத்திலிருந்து ஒரு பெண்மணி குழுவில் சேர்ந்தார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தரவுகளை ஒலியாக மாற்றிக் காதால் கேட்பார். வரைபடம் பார்க்காமல் இந்த வேலையை எப்படிச் செய்வார் என்று தலைவிக்கு உள்ளூர உறுத்தல்.

வந்ததும் வராததுமாக அவர் கேட்டார்: "உங்க வடிகட்டி தள்ளிவிட்ட குப்பை எல்லாம் இருக்கா?"

"குப்பை எதுக்கு?"

"எங்க பழைய இடத்துல அதைத்தான் முதல்ல கேப்போம்."

மறுநாள் தலைவியையும் கொழுந்தனையும் உட்காரவைத்து, அந்தக் குப்பையை ஒலியாக்கி, வேகத்தை வெகுவாகக் குறைத்து, ஒலிபெருக்கியில் போட்டார். டொக்... டிக். டொக்... டிக்.

"இடைவெளி மாறவே இல்ல பாருங்க. இது கேபிள் எதிரொலி."

கொழுந்தன் முகம் தொங்கிப்போனது. தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப இது." டொக், உடனே டிக். அடுத்த டொக்குக்குப் பிறகு காத்திருந்து காத்திருந்து, போகட்டும் என்று நினைத்தபோது ஒரு டிக். "எதிரொலி இப்படி இஷ்டத்துக்கு வராது. இது தனக்குத் தோணினப்ப வருது."

தலைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோன்றியபோது சிதைவதுதானே துகளின் குணம்! அது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் குப்பை என்று தள்ளியதை அவள் ஒருநாளும் வரைந்து பார்க்கவில்லை.

"ஆக, அவ கேபிள் பத்திச் சொன்னதும் சரி, நீ வடிகட்டி பத்திச் சொன்னதும் சரி," என்று அன்று வீட்டில் கணவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "இத்தனை மாசமா ரெண்டு பேரும் என் காதைத்தான் புண்ணாக்கினீங்க!"

கேபிளை மாற்றினார்கள். மாறாத இடைவெளியில் வருவதை மட்டும் தள்ளும்படி வடிகட்டியைத் திருத்தினாள் தலைவி. குட்டி மின்னல்கள் கணக்குப்படி வந்து குவிந்தன. அவள் புதியவரின் மேசைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உண்மையைச் சொல்லிடறேன். நீங்க வந்தப்ப, எப்படிச் சமாளிப்பாங்களோன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். பாவம், இவங்களுக்குப் படம் பாக்கறதை விட்டா வேற வழியே தெரியலயேன்னு."

பக்கத்தில் நின்ற கொழுந்தன் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தலைவி ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடினாள்.