சம்மந்தி வீட்டுக்குப் போன பெருவிரல்

ரெமிஜியுஸ் வாஸின் வலது கால் பெருவிரல் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கோபித்துக்கொண்டு சம்மந்தி வீட்டுக்குப் போய்விட்டது. போகும்போது வலது செருப்பையும் எடுத்துக்கொண்டு போயிற்று. வாசலில் இடது செருப்பு மட்டும் கிடந்தது.

தூத்துக்குடியில் இது நடக்காத காரியமில்லை. பக்கத்து வீட்டு லொயோலா சாரின் முழங்கால் போன மழைக்காலம் முழுக்கத் தங்கச்சி வீட்டில்தான் இருந்தது. கோபம் வந்தால் வேண்டியவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், நாலு பேர் போய்ப் பேசினால் திரும்பி வந்துவிடும். அது சரிதான். ஆனால் இந்த விரலுக்குப் போக்கிடமா இல்லை? ரெமிஜியுஸுக்குத் தம்பிமார் இருக்கிறார்கள், மச்சினன் இருக்கிறான், எல்லாரும் கூப்பிடு தூரத்தில். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு மூன்றே வாரம் இருக்கும்போது, பெண்ணைக் கொடுக்கப் போகிற வீட்டுக்கா போவது?

"மானத்த வாங்கிட்டு!" என்று அவர் மனைவி ஜசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "அங்க போயி நம்ம வீட்டப் பத்தி என்னென்ன சொல்லுதோ."

"விரலு என்னத்தடீ சொல்லும்?" என்றார் ரெமிஜியுஸ்.

வலியும் விரலோடு போய்விட்டதால் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. நிம்மதியாக எழுந்து கழிவறைக்குப் புறப்பட்டார். நேராகத்தான் அடியெடுத்து வைத்தார். ஆனால் வலது பக்கமாகவே வளைந்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றி, மறுபடி கட்டிலுக்கே வந்து சேர்ந்தார். பெருவிரல் இல்லாதவன் நடக்கலாம். நேராக நடக்க முடியாது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ரெமிஜியுஸுக்கு மட்டும் அன்றைக்குத்தான் உறைத்தது. கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மெல்பாவின் கையைப் பிடித்து நேராகக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய தகப்பன் அவர். ஒரே மகள். கட்டிலில் உட்கார்ந்து மீதியிருந்த விரல்களை எண்ணிப் பார்த்தார்.

எல்லாம் ஒரு கோட்டால் வந்தது. ரெமிஜியுஸ் தன் கல்யாணத்துக்குப் போட்ட சாம்பல் நிறக் கோட்டு இன்னும் பீரோவில் தொங்கிக்கொண்டிருந்தது. "என் கல்யாணத்துக்கும் இதையே போடுங்க டாடி" என்று மெல்பா ஒருநாள் சொல்லிவிட்டாள். மகள் கேட்டு இல்லையென்று சொல்லத் தெரியாத ஆள். போட்டுப் பார்த்தார். கோட்டின் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று பார்க்கக்கூட முடியவில்லை. நடுவில் தொப்பை நின்றது.

உடனே போய் ஜிம்மில் சேர்ந்தார். அங்கே மாஸ்டர் டால்டன், மீசை முளைத்து நாலு வருஷம் ஆகியிருக்கும், ரெமிஜியுஸைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சோறு, இட்லி எல்லாத்தையும் மறந்துருங்க அங்கிள். புரோட்டீன்தான் இனி உங்களுக்கு எல்லாம்" என்று சொல்லிவிட்டான். ரெமிஜியுஸுக்கா புரோட்டீனுக்குப் பஞ்சம்? மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். படகுக்காரர்கள் ஐஸ் கட்டியை ஏற்றிக்கொண்டு போனால் வரும்போது மீனைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலையில் சுட்ட சாளை, மத்தியானம் இறாலும் ஆட்டு ஈரலும், சாயங்காலம் வறுத்த நெத்திலி. ராத்திரி பட்டினி. எடை சறுக்குமரத்தில் இறங்குவதுபோல இறங்கியது. ஜிம் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே கைகூடக் கொடுத்துக்கொண்டார். பெருவிரல் மட்டும் நாளுக்கு நாள் சிவந்து வீங்கியது. போர்வை பட்டால்கூட உயிர் போயிற்று. கம்பெனியிலிருந்து ஐஸைக் கொண்டுவந்து வைத்தார். அதற்கும் அடங்காமல்தான் செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டது.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "யூரிக் ஆசிட் ஏகத்துக்கும் ஏறிக் கிடக்கு. விரல் மேல தப்பே இல்ல, நானா இருந்தா இன்னும் முன்னாடியே போயிருப்பேன்" என்றார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவர் இங்கே விழுங்கினால் அங்கே வேலை செய்யுமாம். மற்றதை விரலோடு நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்.

சம்மந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? ஜசிந்தா விடுவாளா? சீலாக் கருவாடு ஒரு பொட்டலம், நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம், மக்ரூன் ஒரு டப்பா. ஊர் வழக்கப்படி எல்லாம் சரியாகத்தான் எடுத்துவைத்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி வாசலுக்குப் போவதற்குள் ரெமிஜியுஸ் இரண்டு தடவை வளைந்து எதிர்வீட்டுக்குள் நுழையப் பார்த்தார். ஜசிந்தா முழங்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

மாப்பிள்ளை டெரன்ஸின் அப்பா கஸ்மீர் வாசலுக்கே வந்து கும்பிட்டார். "வாங்க சம்மந்தி. உங்க ஆளு சௌக்கியமா இருக்காரு."

விரல் கூடத்தில், டேபிள் ஃபேனுக்கு முன்னால், ஒரு சின்ன தலையணையில் சாய்ந்திருந்தது. அந்த வீட்டை அது ஏன் தேர்ந்தெடுத்தது என்று ரெமிஜியுஸுக்கு அப்போதுதான் புரிந்தது. கஸ்மீருக்கு முன்பு சிறுநீரகத்தில் கல் வந்து எடுத்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் சொம்பும் கையுமாக, தண்ணீர் குடித்துக்கொண்டேதான் பேசுவார்கள். வந்தவர்களுக்கும் காபிக்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் வந்தது.

ஜசிந்தா பொட்டலத்தைப் பிரித்தாள். நெத்திலி வாசம் கூடத்தில் பரவியதோ இல்லையோ, விரல் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, தலையணையிலிருந்து உருண்டு, பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"அடப் பாவமே!" என்றாள் கஸ்மீரின் மனைவி எமிலி. "இப்பத்தான் வீக்கம் கொஞ்சம் வத்திச்சு. கருவாட்ட உள்ள கொண்டு போங்க அக்கா." ஒரு கிண்ணத்தில் மோரை ஊற்றிப் பீரோவுக்கு முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து விரல் மெதுவாக வெளியே வந்தது.

பிறகு பேச்சுவார்த்தை தொடங்கியது. விரல் பேசாது. பிடிக்காததைச் சொன்னால் சிவக்கும், பிடித்ததைச் சொன்னால் வெளுக்கும். கஸ்மீர் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

"சாளை?" சிவந்தது.

"ஈரல்?" சொல்லி முடிப்பதற்குள் மறுபடி பீரோ பக்கம் திரும்பிவிட்டது. "இல்ல இல்ல, சும்மா கேட்டேன்" என்று கஸ்மீர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முட்டை?" விரல் சும்மா இருந்தது. பாலாடை எடுத்த தயிருக்கும் மோருக்கும் நன்றாகவே வெளுத்தது. பாசிப்பயறு சுண்டலுக்கும் மறுப்பில்லை. கோழிக்கு லேசாகச் சிவந்தது. "சின்னத் துண்டு, என்னைக்காவது ஒருநா" என்று ஜசிந்தா இழுத்ததும் பழைய நிறத்துக்கு வந்தது. பெண்களுக்குப் பேரம் பேச வராது என்று எவன் சொன்னான்? ஞாயிற்றுக்கிழமை ஒரு பீருக்கு ரெமிஜியுஸ் தானே வாய்திறந்து கேட்டார். விரல் சிவந்த சிவப்பில் எமிலி ஃபேன் வேகத்தைக் கூட்டவேண்டி வந்தது.

கடைசியில் ராத்திரிப் பட்டினியைப் பற்றிப் பேச்சு வந்தது. விரல் சிவந்தது.

"அப்ப எடை எப்படிக் குறையும்?" என்றார் ரெமிஜியுஸ்.

"குறையட்டும், மெதுவாக் குறையட்டும்னு சொல்லுது" என்றாள் எமிலி.

"மெதுவாக் குறைஞ்சா கோட்டு பத்தாதே! மூணு வாரந்தான் கெடக்கு!" ரெமிஜியுஸ் எமிலி பக்கம் திரும்பினார். "எம்பிள்ள ஒண்ணே ஒண்ணு கேட்டா தங்கச்சி. அதக்கூட செய்யக் குடுத்துவைக்கலியா எனக்கு?"

விரல் சிவப்பு மாறாமல் இருந்தது. கஸ்மீர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "இப்ப கூடவராது போலிருக்கு சம்மந்தி. நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்துனா கல்யாணத்தன்னைக்குக் கோயிலுக்கு நேரா வந்துரும். இல்லாட்டி வராது" என்றார். விரல் வெளுத்தது. பேச்சு முடிந்தது.

வீட்டுக்கு வந்து ரெமிஜியுஸ் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டா, விரலா என்று அவளே சொல்லட்டும் என்றார்.

மெல்பா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு வந்தாள். "லூசா டாடி நீங்க? பட்டனு போடாம வந்தா யாரு கேக்கப் போறா? நீங்க நேரா நடந்து வந்தாப் போதும். என்னக் கூட்டிக்கிட்டு ரோடு ரோடாச் சுத்திராதிய." சொல்லிவிட்டு அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். ரெமிஜியுஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுண்டல் கிண்ணத்தை எடுத்தார்.

அதிலிருந்து அவர் காலையில் முட்டை, மத்தியானம் கொஞ்சம் சோற்றோடு பருப்பும் கீரையும், ராத்திரி தயிர் என்று கிடந்தார். கம்பெனிக்குத் தண்ணீர்க் குடத்தோடு போனார். டால்டனும் விஷயத்தைக் கேட்டு, "இத முதல்லயே சொல்றதில்லையா அங்கிள்?" என்று புரோட்டீன் கணக்கைப் பயறுக்கும் பாலுக்கும் மாற்றிக் கொடுத்தான்.

ஒருநாள் சாளை குவியல் குவியலாக வந்து இறங்கியது. கம்பெனிப் பையன்கள் ஐஸ் மேடைக்குப் பின்னால் தகரத்தில் போட்டுச் சுட்டார்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட, தோல் பொரிந்து, அந்த வாசம்! எவனுக்குத்தான் மனசு கேட்கும்? ரெமிஜியுஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றை எடுத்தார். போன் அடித்தது.

"அண்ணே," என்றாள் எமிலி, "கையில எதையாவது எடுத்தியளா? இங்க சிவக்குது."

"இல்ல தங்கச்சி. கீழ வச்சாச்சு."

"ஆமா, இப்ப சரியாயிட்டு. போன வச்சிரட்டா?"

கல்யாணத்தன்று காலையில் கோட்டைப் போட்டார். மேல் பட்டன் பூட்டியது. கீழ்ப் பட்டனுக்கும் துளைக்கும் நடுவில் இன்னும் ஒரு விரல்கடை இருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டார். வலது காலில் ஷூ போட்டு, விரலுக்காக முன்பக்கம் இடம் விட்டு வைத்தார். கோயில் வாசலில் மெல்பா வெள்ளைப் புடவையில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டுக் கார் இன்னும் வரவில்லை. மணி அடித்துவிட்டது. சாமியார் பீடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். ரெமிஜியுஸ் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். வராமல் போய்விட்டால்? எல்லார் முன்னாலும் மகளைக் கூட்டிக்கொண்டு தூணைச் சுற்றுகிற தகப்பனாகிவிடுவோமே என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கார் வந்தது. மாப்பிள்ளை டெரன்ஸ் பின்சீட்டில் இருந்தான். விரல் முன்சீட்டில், புதுச் சாக்ஸில் உட்கார்ந்திருந்தது. கஸ்மீர் கதவைத் திறந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெளித்த பன்னீரை அதுவும் வாங்கிக்கொண்டது. பிறகு படியேறி, சாக்ஸை உதறிவிட்டு, ரெமிஜியுஸ் ஷூவைக் கழற்றி நீட்டிய காலில் தன் இடத்தில் ஒட்டிக்கொண்டது. ஊதாவும் இல்லை, சிவப்பும் இல்லை. நல்ல பிள்ளையாக இருந்தது. ரெமிஜியுஸ் ஷூவை மாட்டிக்கொண்டு ஒரு அடி வைத்தார். நேராகப் போயிற்று.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். பாட்டுக் குழு பாடியது. நடுவழியில் அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே நடந்தார். மெல்பாவும் அழுதாள், சிரித்தாள். பீடத்தின் முன்னால் போய், அவள் கையை டெரன்ஸின் கையில் வைத்துவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றாமல் முதல் பெஞ்சில் ஜசிந்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பெண்ணை அனுப்பினார்கள். மெல்பா காரில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். ஜசிந்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். காருக்குள்ளிருந்து, டிரைவருக்குப் பக்கத்திலிருந்து, ஜசிந்தாவின் குரல் கேட்டது: "தம்பி, மெதுவாப் போங்க. மெல்பா, அந்த ஜன்னல ஏத்து, தலை கலையுதுல்ல?"

கார் புறப்பட்டுப் போயிற்று. தெருமுனை திரும்பும் வரைக்கும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

ரெமிஜியுஸ் மனைவியின் தோளில் கைபோட்டார். "போயிட்டு வரட்டும். புதுசுல புள்ளைக்குத் துணை வேணும்லா" என்றார். ஜசிந்தா தலையாட்டினாள். இருவரும் வீட்டுக்கு நடந்தே வந்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எமிலி போன் செய்தாள். "எல்லாரும் நல்லபடியா வந்து சேந்தாச்சு அண்ணே. இங்க அடுக்களையில பேச்சு ஓயல. இருங்க, உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

ரெமிஜியுஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். "ஏங்க," என்றது ஜசிந்தாவின் குரல், "பின்கதவப் பூட்டியாச்சா?"

எதிரே உட்கார்ந்திருந்த ஜசிந்தா எழுந்து போய்ப் பின்கதவைப் பூட்டிவிட்டு வந்தாள்.