தாசில்தார் பார்க்க வந்த தலை

கிராம முன்சீப் குற்றாலலிங்கம் பிள்ளை ஆற்றுக்குக் குளிக்கப் போனால், தலையாரி முன்னே ஓடிப் படித்துறையைக் காலி செய்வான். அன்றும் ஆட்கள் விலகினார்கள், பாசி விலகவில்லை. பிள்ளையின் பின்மண்டை கல்லில் மோதியது.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த டிரெஸ்ஸர் கட்டுப் போட்டார். "ஒரு மாசம் அசையாமப் படுக்கணும். பேச்சுக் கொடுக்கப்படாது" என்று சொல்லிப் போனார்.

பதினோராம் நாள் புண் காய்ந்திருந்தது. பிள்ளையோ தாம் முப்பது வருஷம் உட்கார்ந்த நாற்காலியைக் காட்டி, "இது என்னது?" என்று கேட்டார். மனைவி உலகம்மாள் வாசல் கதவைச் சாத்தினாள்.

அன்றைக்கென்று தாசில்தார் வருகிறார். பிள்ளையின் சித்தப்பா மகன் நாறும்பூநாதன் எழுதிப்போட்ட மனு அப்படி: 'அண்ணாச்சிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, முன்சீப் வேலைக்குக் குடும்பத்தில் அடுத்த வாரிசு அடியேன்.' அந்த வேலை போய்விட்டால் பிள்ளையிடம் மிஞ்சுவது தலைப்பாகை மட்டுமே.

உலகம்மாள் அதை எடுத்துக் கட்டின் மேலேயே இறுக்கிச் சுற்றினாள். வலியில் அவர் முகம் கடுகடுத்தது. பார்ப்பதற்கு அதிகாரம் போலவே இருந்தது.

"யாரு என்ன கேட்டாலும் 'பாப்போம்'னு மட்டும் சொல்லுங்க. வேற வாயே தொறக்கப்படாது, ஆமா."

தாசில்தார் வந்து அமர்ந்தார். உலகம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"சௌக்கியமா, பிள்ளைவாள்?"

"பாப்போம்."

"வாய்க்கால் தகராறு என்ன ஆச்சு?"

"பாப்போம்."

தாசில்தார் திருப்தியோடு தலையசைத்தார். முப்பது வருஷமாக இதே பதில்தான். கோளாறு ஒன்றும் தெரியவில்லை.

நாறும்பூநாதன் பொறுக்கமாட்டாமல் முன்னே வந்தான். "அண்ணாச்சி, நான் யாரு? பேரைச் சொல்லுங்களேன்!"

பிள்ளை அவனையே பார்த்தார். தலைப்பாகையின் ஓரத்திலிருந்து சிவப்பாக ஒரு கோடு காதை நோக்கி இறங்கியது.

"ஏலே," என்றார் பிள்ளை. "எசமான் இருக்காக. தோளுல என்னலே துண்டு?"

நாறும்பூநாதனின் கை தானாகத் துண்டை இடுப்புக்கு இறக்கியது.

தாசில்தார் முகம் மலர்ந்துபோனார். "மரியாதை தெரிந்த மூளை! இதற்கா பேதலிப்பு?" மனு நான்காகக் கிழிந்தது. காதோரத்து ரத்தத்தைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. தம்மை யாரோ எசமான் என்றதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் உலகம்மாள் ஓடிவந்து தலைப்பாகையைப் பைய அவிழ்த்தாள். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் தொட்டு நனைத்தாள்.

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்து வெகு மரியாதையாகக் கேட்டார்:

"நீங்க எந்த வீட்டு ஆளும்மா?"

அவள் கை நின்றது.

"இந்த வீடுதான். அசையாதீங்க."