நாற்பத்தேழு ஜிபி

“மூண்டு மணி மட்டும் பாப்பன், லவீனா. அதுக்குப் பிறகு சேர்வரை முழுசாய்த் துடைச்சுப்போட்டு முதலிலையிருந்து போடப்போறன்.”

சொல்லிவிட்டு ஜெனிஸ் வாசலில் போய் நின்றான். குருநகரில், கத்தோலிக்கக் கோயில் மதிலை ஒட்டியது அவனுடைய ஸ்ரூடியோ. கோயிலுக்குள் பூட்டிய கமராக்களின் வயர் நேரே இங்கேதான் வருகிறது. பூசை, கலியாணம், திருநாள் எல்லாம் இந்தச் சேர்வர் கணினியில்தான் பதிவாகும். இன்று நாலு மணிக்குக் கொடியேற்றம். சேர்வரோ காலையிலிருந்து ‘இடமில்லை’ என்று ஒரே பிடியாக நிற்கிறது.

அங்கே பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் லவீனா நாற்காலி நுனியில் இருந்து திரும்பவும் கணக்குப் பார்த்தாள். பதிவுகள் போய்ச் சேருவது மேசையில் இருக்கும் பெரிய டிஸ்க்குக்கு. அது தனி வயரில் கரண்ட் எடுப்பது. அதில் இடம் தாராளம். நிரம்பிக் கிடப்பது சேர்வருக்குள் இருக்கும் சின்ன டிஸ்க். நூற்றியிருபது ஜிபி. உள்ளே உள்ளதை ஒன்றுவிடாமல் கூட்டினால் எழுபத்துமூன்றுதான் வருகிறது. மிச்சம் நாற்பத்தேழை எது தின்றது?

அழித்த கோப்பு எதையாவது ஏதாவது புரோகிராம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா? இல்லை. வைரஸ்? இல்லை. நிறுத்தி எழுப்பியும் பார்த்துவிட்டாள். அதே நாற்பத்தேழு, ஒரு சொட்டுக் குறையாமல்.

“துடைச்சால் எல்லாம் சரியாகும்தானே?” என்றான் ஜெனிஸ்.

“என்ன கிடக்குதெண்டு தெரியாமல் துடைக்கிறதோ, அண்ணை?”

“கொடியேற்றமும் பதிவாகாட்டி, பிறகு நான் உனக்காக ஒருத்தரோடையும் கதைக்கேலாது, பிள்ளை.”

அந்த ‘கொடியேற்றமும்’ லவீனாவுக்குச் சுள்ளென்று குத்தியது. இரண்டு மாதத்துக்கு முன், எதிர்வீட்டில் இருக்கும் யோசப்பின் என்ற அன்ரியின் மகளுடைய கலியாணம் பதிவாகாமல் போயிற்று. மாப்பிள்ளையின் லீவு முடிகிறதென்று திகதியை மாற்ற முடியாத கலியாணம். வள்ளத்தில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்ட தகப்பன் சிமியோன் அந்த நேரம் ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சை மேசையில். மகள் மாலை மாற்றியதை அவர் பார்க்கவே இல்லை. “பட்டனை அமத்த மறந்துபோனாள்” என்று யோசப்பின் அன்ரி மீன் சந்தை முழுக்கச் சொல்லிவைத்தாள். சிவப்பு லைற் எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக லவீனா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. சில நாட்களில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டே கால். பட்டென்று கரண்ட் போயிற்று. பற்றரியில் சேர்வர் அணையாமல் நிற்க, கொல்லையில் ஜெனரேற்றர் உறுமியது. கரண்ட் போனால் அந்த ஒழுங்கையில் குடியிருக்கும் சனமெல்லாம் ஸ்ரூடியோவுக்குள் வந்துவிடும்: போன் சார்ஜ் பண்ண ஒருவர், தேங்காய்ச் சம்பல் அரைக்கக் கிரைண்டரோடு இன்னொருவர். இன்று வந்தது யோசப்பின். ஒரு கையில் ஸ்திரிக்கைப் பெட்டி, மற்றதில் வெள்ளைச் சேட்டு.

“தம்பி ஜெனிஸ், இவர் இடுப்பு முறிஞ்சதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் முதல் முதல் கோயிலுக்கு வாறார். இந்தச் சேட்டை ஒருக்கால் இழுத்துவிட்டுப் போறன்,” என்றாள், லவீனா இருந்த பக்கம் திரும்பாமல். நேரே போய் மேசைக்குக் கீழே குனிந்து கறுப்புப் பிளக் ஒன்றில் கை வைத்தாள்.

“அன்ரி! அதைக் கழட்டாதேங்கோ, அது பெரிய டிஸ்க்கின்ரை!”

“ஏன், என்ன இப்ப புதுசாய்? கலியாணத்தண்டு விடிய உதைக் கழட்டிப்போட்டுத்தான் மகள் தலையிலை போட்ட நெட்டை ஸ்திரிக்கை போட்டனான். திருப்பி இறுக்கிக் குத்திப்போட்டும் போனனான். என்ரை வேலை எப்பவும் ஒழுங்கு. சில பேர் மாதிரி…”

லவீனா எழுந்தே விட்டாள். “எத்தினை மணிக்கு, அன்ரி?”

“எட்டு மணி இருக்கும். ஏன்?”

கலியாணம் ஒன்பதரைக்கு.

அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடத் தொடங்கின. சின்ன டிஸ்க்கில் ‘பதிவுகள்’ என்று ஒரு வெறும் கோப்புறை, ஓர் அறை மாதிரி, உண்டு. பெரிய டிஸ்க் வந்து நிற்பதற்கான இடம் அது. அன்று காலை பெரியது கழன்றுவிட்டது. சேர்வர் கேள்வி கேட்காமல் அந்த வெறும் அறைக்குள்ளேயே எழுதியிருக்கும். பிளக்கைத் திரும்பக் குத்தினாலும், நிறுத்தி எழுப்பும்வரை பெரியதை அது சேர்த்துக்கொள்ளாது. அன்று பின்னேரம் நிறுத்தி எழுப்பியது லவீனாவேதான். பெரிய டிஸ்க் பழைய இடத்தில் வந்து குந்தியது, அறை வாசலில் அலுமாரியை இழுத்து வைத்ததுபோல. உள்ளே இருந்தது உள்ளேயே கிடந்தது. இடத்தைப் பிடித்தது, கண்ணில் படவில்லை.

அலுமாரியை நகர்த்த வேண்டும். பெரிய டிஸ்க்கை முறைப்படி விலக்கிவிட்டு, அந்த அறையைத் திறந்தாள்.

ஒரே ஒரு கோப்பு. கலியாணத் திகதி. நாற்பத்தேழு ஜிபி.

“அண்ணை, இஞ்சை வாங்கோ! ஓடி வாங்கோ!”

திரையில் கோயில் வாசல் திறந்தது. ஓர்கன் முழங்க, மணமகள் சித்தப்பாவின் கையைப் பிடித்து நடந்து வந்தாள். யோசப்பினின் கையிலிருந்த சேட்டு நிலத்தில் விழுந்தது.

“துடைச்சிருந்தால்?” என்றான் ஜெனிஸ்.

“துடைச்சிருந்தால் அன்ரி எங்களைத் துடைச்சிருப்பா.”

யோசப்பின் திரையைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள், கடைசியில் லவீனாவைப் பார்த்தாள். “அப்ப… என்ரை கையாலையோ, பிள்ளை?”

“ஓம் அன்ரி. இறுக்கித்தான் குத்தினீங்கள்.”

ஜெனிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். யோசப்பின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “சந்தையிலை சொன்ன வாய்தானே? நாளைக்கு விடிய அதே சந்தையிலை நிண்டு, அதைவிடப் பலமாய்ச் சொல்லுறன். நீயும் வந்து கேள்.”

கோப்பைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றப் பத்து நிமிடம். சின்னதில் நாற்பத்தேழு ஜிபி பளிச்சென்று காலியானது. மூன்றுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கோயில் கமராக்கள் ஒவ்வொன்றாய்த் திரையில் விழித்தன.

செய்தி கேட்டுச் சிமியோன் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார், பனியனோடேயே. லவீனா தன் நாற்காலியை அவருக்கு விட்டு, கலியாணத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். அவர் இமைக்கவில்லை. மகள் பீடத்தின்முன் வந்து நின்றதும் மெல்லத் திரையைத் தொட்டார்.

“பிள்ளையின்ரை நெட்டிலை ஒரு மடிப்பில்லை, என்ன வடிவு!” என்றார். “ஆர் ஸ்திரிக்கை போட்டது?”