வெளியே வரும் வாக்கியம்

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்து ஓய்வு பெற்ற என் மாமியாரை வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் கணவரும் அப்படித்தான். சின்ன வயதில் அவர் அம்மாவின் வகுப்பிலேயே படித்தாராம். அங்கே வாய் தவறி "அம்மா" என்று கூப்பிட்டு, பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டியதாகிவிட்டதாம். அன்றைக்குத் திரும்பிய நாக்கு இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை. நான் மட்டும் அத்தை என்பேன். அவர் என்னை மேனுவல் என்பார், என் பிழைப்பு அப்படி.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நோயாளிக் கட்டில் எல்லாம் செய்யும் தொழிற்சாலையில், அவற்றோடு பெட்டியில் போகிற மேனுவலை, அதாவது ஆங்கிலக் கையேட்டை, எழுதுபவள் நான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கையேடு அச்சுக்குப் போகும் முன் அதை ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். அந்தப் பொருளைத் தொட்டே பார்க்காத இன்னொருவர் அதன்படி செய்து காட்ட வேண்டும். வாசித்ததைத்தான் செய்யலாம், வாசிக்காததைச் செய்யக் கூடாது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கச் சொல்லி நான் எழுத மறந்த ஒரு கட்டிலில், எங்கள் கணக்குப் பிரிவு அக்கா உறையோடு ஏறிப் படுத்து, சிரிக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையை வீட்டில் சொன்னது என் தப்பு. அத்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் குளியலறையில் ஷவருக்குக் கீழே தண்ணீர் வெளியே ஓடாமல் இருக்க ஒரு குட்டைத் தடுப்பு உண்டு. அதைத் தாண்டும்போதுதான் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. என் கணவர் தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். அன்றே தாழ்ப்பாளைக் கழற்றி மேசை டிராயரில் போட்டார். கதவில் அது இருந்த ஓட்டையைப் பழைய துணியால் அடைத்து வைத்திருந்தோம்.

எலும்பு கூடிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். ஆனால் குளிப்பாட்டுவது நான்தான். நாள் பூராவும் வாய் ஓயாத அந்த அம்மாள், நான் சோப்பு போடும்போது மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பேசாமல் இருப்பார். முடிந்ததும், "தேங்க்ஸ்மா," என்பார். என்னிடம் எதற்கு நன்றி? அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்கவே முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தொழிற்சாலையில் ஒரு குளியல் நாற்காலி தயாரானது. தடுப்புக்கு உள்ளே நாற்காலி நிற்கும். வெளியே இருந்தபடியே அதில் உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கொண்டால், இருக்கை அப்படியே உள்பக்கம் திரும்பும். ஒரு லாக்கைப் போட்டால் அசையாது. தடுப்பைத் தாண்டவே வேண்டாம். மாதிரி ஒன்றை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

"டீச்சர், இதுல நீங்களே குளிச்சுட்டு வந்துட்டீங்கன்னா, தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டிடறேன்," என்றார் என் கணவர்.

அத்தையின் முகம் மலர்ந்தது. உடனே நாற்காலியைப் பார்த்தார், தடுப்பைப் பார்த்தார், மலர்ந்தது வாடியது. "கையேடு எங்க?" என்றார்.

வந்தது வினை. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லாக்கை எப்போதும் சரிபார்க்க வேண்டும் என்ற வரியிலேயே பிடித்துக்கொண்டார்.

"மஸ்ட் பி ஆல்வேஸ் செக்டா? யார் உனக்குப் பாடம் எடுத்தது? மஸ்ட் ஆல்வேஸ் பி செக்ட்!"

"ரெண்டும் புரியுதில்ல அத்தை?"

"புரியறது வேற, சரியா இருக்கறது வேற. ஆல்வேஸ், நெவர் எல்லாம் வீட்டுப் பெரியவங்க மாதிரி. மஸ்ட், ஷுட், கேன் வந்து உட்கார்ந்த உடனே பக்கத்துல அவங்களுக்கு நாற்காலி போட்டுடணும். ஃபுல்லி, கேர்ஃபுலி எல்லாம் வேலைக்காரங்க. வேலை எங்க நடக்குதோ அந்த வினைக்குப் பக்கத்துல நிக்கணும்."

"சரி, நாற்காலி போட்டாச்சு. நீங்க எப்ப நாற்காலில உட்காரப் போறீங்க?"

அவருக்குக் காது கேட்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே இருக்கையைப் பத்திரமாகத் திருப்பலாம் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு 'சேஃப்லி' எங்கள் வீட்டை ஒரு வாரம் ஆட்டி வைத்தது.

"கேன் சேஃப்லி பி டர்ன்ட்னா, திருப்பினா ஆபத்தில்லைன்னு நீ அடிச்சுச் சொல்ற மாதிரி. கேன் பி சேஃப்லி டர்ன்ட்னா, பத்திரமாவும் திருப்ப முடியும், அவ்வளவுதான். பத்திரமில்லாம திருப்பினா என்ன ஆகும்னு நீ சொல்லல. எது உன் கட்சி?"

ஒருநாள் முதல் கட்சிக்குப் போனேன். அவ்வளவு நிச்சயமா என்று மடக்கினார். மறுநாள் இரண்டாவது கட்சிக்கு மாறினேன். அப்படியானால் சந்தேகம் இருக்கிறதல்லவா என்றார். என் கணவரை நடுவராகக் கூப்பிட்டோம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அவருக்குத் தெரியாதா? கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார்.

கடைசி வரியை அத்தை பென்சிலால் அழுத்தி அடித்திருந்தார். பயன்படுத்துபவரை ஒருபோதும் தனியாக விடக் கூடாது என்ற வரி. 'ஷுட் நெவர் பி லெஃப்ட் அலோன்'.

"நெவர் சரியான இடத்துலதானே இருக்கு?"

"இடம் சரி, வரி தப்பு. இது இருந்தா நான் எப்படிக் கதவைச் சாத்தறது? நீட் நாட் ஆல்வேஸ் பி அக்கம்பனீட்னு மாத்து. எப்பவும் துணை வேணும்னு இல்லைன்னு ஆயிடும்."

"அது சட்டப் பிரிவு குடுத்த வரி. நான் கை வைக்க முடியாது."

"அப்ப மொதல்ல அதைத் தீர்த்துட்டு வா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அத்தை, உங்களுக்கு இது இங்கிலீஷா, பயமா?"

சொன்ன பிறகுதான் அதிகம் போய்விட்டோம் என்று உறைத்தது. அத்தை பென்சிலைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"பயம்தான்," என்றார். "அந்தத் தடுப்பைப் பார்த்தாலே கால் நடுங்குது. அதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. இங்கிலீஷ்ல பயந்தா கொஞ்சம் கௌரவமா இருக்கு, அதான்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை முறை குளிப்பாட்டியிருக்கிறேன், இப்படிக் கையைப் பிடித்ததில்லை.

"நீ வெளிய நின்னு வாசி," என்றார் அத்தை. "உங்க ஆபீஸ் வழக்கப்படி. வாசிக்காததைச் செய்ய மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பரீட்சை நடந்தது. அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே கையேட்டோடு நின்றேன். என் கணவர் சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வரியாக வாசித்தேன். லாக்கைச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. உட்காரும் வரி வந்தது. ஒரு முனகல், பிறகு பெருமூச்சு. 'சேஃப்லி' வரி வந்தது. எந்தக் கட்சி என்று யோசிக்காமல் வாய்க்கு வந்த இடத்தில் அதை வைத்து வாசித்தேன். உள்ளிருந்து திருத்தம் வரவில்லை. இருக்கை கிர்ரென்று திரும்பியது, லாக் விழுந்தது. அடுத்து தண்ணீர்ச் சத்தம். அதோடு ஒரு பாட்டின் முணுமுணுப்பும் கேட்டது. அவர் விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத குரல் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தண்ணீர் நின்றது.

"அடுத்தது?" என்றார் அத்தை.

புரட்டினேன். "நாற்காலியை நல்லாத் துடைச்சு, மடிச்சு, நிழல்ல காய வைக்கணும்."

"நான் இன்னும் அதுல உட்கார்ந்திருக்கேன்."

முன்னும் பின்னும் தேடினேன். வெளியே வருவதற்கு வரியே இல்லை. உள்ளே போவதற்கு அத்தனை வரி எழுதியவள், ஆளை வெளியே கொண்டுவர ஒன்றுகூட எழுதவில்லை. 'சேஃப்லி'யை ஒரு வாரம் இங்கும் அங்கும் தூக்கி வைத்த எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் அது படவில்லை.

"அத்தை, லாக்கை எடுத்துட்டு அப்படியே திரும்பி வந்துடுங்க."

"எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப எப்படி வர்றது?"

"டீச்சர், சளி பிடிச்சுக்கும்!" என்று சமையலறையிலிருந்து கத்தினார் என் கணவர்.

"நீ சும்மா இரு, உனக்கு இங்க பரீட்சை இல்ல. மேனுவல், இவ்வளவு பெரிய ஓட்டையா விடுவே?"

"நீங்களும்தானே ஒரு வாரம் திருத்தினீங்க? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?"

உள்ளே சிரிப்பு வெடித்தது. ஈரத்தோடு உட்கார்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடி அங்கேயே வரியைக் கட்டினேன்.

"தி லாக் ஷுட் பி ஸ்லோலி ரிலீஸ்ட்."

"ம்." லாக் எடுபட்டது.

இருக்கையைத் திருப்பச் சொன்னேன். திருப்பினார். "தி ஃபீட் மஸ்ட் பி ஃபர்ம்லி ப்ளேஸ்ட் ஆன் தி ஃப்ளோர்."

அதன் பிறகு சத்தமே இல்லை. சில நிமிஷம் போயும் ஒரு வார்த்தைகூட வரவில்லை. இங்கிலீஷ் எல்லாம் எனக்கு மறந்துபோனது. "அத்தை! அத்தை!" என்று கதவைத் தட்டினேன்.

கதவு திறந்தது. உலர்ந்த உடையில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தலையில் துண்டோடு நின்றார். "துணி மாத்திக்கறதுக்குமா வரி வேணும்? அதெல்லாம் எனக்கே தெரியும்," என்றார். அன்று தேங்க்ஸ் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதும்.

சாயங்காலம் என் கணவர் டிராயரிலிருந்து தாழ்ப்பாளை எடுத்து மாட்டினார். நான் புது வரிகளைக் கையேட்டில் சேர்த்தேன். 'சேஃப்லி' எங்கே உட்கார்ந்தது என்று கேட்டால் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் நாற்காலி வாங்கிப் பாருங்கள்.

மறுநாள் காலை அத்தை குளிக்கப் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தத்தை அவர் ரசித்துப் போட்ட மாதிரி இருந்தது. நான் வேலைக்குக் கிளம்பத் திரும்பினேன்.

"மேனுவல்!"

"என்ன அத்தை?"

"எங்க போறே?"

"நீங்கதான் தாழ்ப்பாள் போட்டுட்டீங்களே. எல்லா வரியும் உங்களுக்கு மனப்பாடம் வேற."

உள்ளே வாக்கர் நகர்ந்து நின்றது.

"அந்தக் கடைசி வரியை அடிச்சேன்ல? அடிச்சது வேண்டாம், அந்த நெவர் அப்படியே இருக்கட்டும்."

நான் கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.

"இங்கதான் இருக்கேன், அத்தை," என்றேன்.

இருக்கை திரும்பும் சத்தம் கேட்டது.