ஹம்சக்கா எடுத்த பேட்டி

முனைவர் பட்டம் வாங்கியபின் ஷிஜினாவுக்குக் கிடைத்த முதல் ஆய்வு அது. கேரளத்து வடகரையில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையே கூட்டு ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டு நடத்த வேண்டும். ஆனால், ‘நோயாளிகள் ஏன் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறார்கள்?’ என்ற கேள்வியைத் தானே எழுதி, கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்கிய பிறகுதான் அவர்களைப் பார்க்கவே போனாள்.

டயாலிசிஸ் மையத்தின் மாடியறையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நிறுத்தாமல் பேசினாள்.

“மோளே, கொஞ்சம் மூச்சு விடு,” என்று மகளிடம் சொல்வதுபோலச் சொன்னார் ஹம்சக்கா. முன்பு மீன் லாரி ஓட்டியவர்; அங்கே எல்லோருக்கும் ‘இக்கா’, அண்ணன். “எவ்வளவு தண்ணி குடிச்சேன்னு டாக்டர் கேக்கறார், நர்ஸ் கேக்கறா, என் பொண்டாட்டி கேக்கறா. இப்ப நீயுமா?”

“வேற எதைக் கேக்கலாம், இக்கா?”

“கேள்வியை முடிவு பண்ணிட்டுத்தானே வந்திருக்கே,” என்றாள் தையற்கடை வல்சல சேச்சி. “எங்களை எதுக்குக் கூப்பிட்டே? கை தட்டவா?”

திரும்பும் பஸ்ஸில், ஆய்வை மேற்பார்வையிடும் பேராசிரியருக்கு ஒரு செய்தியைத் தட்டித் தட்டி அழித்தாள் ஷிஜினா.

அடுத்த கூட்டத்தன்று ஹர்த்தால்; கடையடைப்பு, பஸ் ஓடவில்லை. அவளால் போக முடியவில்லை. சாயங்காலம் வல்சல சேச்சி போனில் கூப்பிட்டாள்.

“ஹர்த்தாலா இருந்தா எங்களுக்கு டயாலிசிஸ் இல்லாமப் போகுமா? நாங்களே பேசி முடிச்சிட்டோம். ‘டயாலிசிஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போனா மிச்சப் பொழுது எப்படிப் போகுது?’ இதுதான் கேள்வி. ஹம்சக்கா ஒரு பேட்டிகூட எடுத்துட்டார்!”

இந்தக் கேள்விக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியே இல்லை. சேச்சி அனுப்பிய ஒலிப்பதிவை ஷிஜினா கேட்டாள். அதே மையத்துக்கு வரும் நாதாபுரத்துக்காரர் ஒருவர், வீட்டுக்குப் போனதும் கடையில் உட்காருவேன் என்றார். “பொய் சொல்லாதேடா, படுத்துத்தானே கிடப்பே!” என்றது ஹம்சக்காவின் குரல். “போதும், நிறுத்துங்க,” என்றார் அந்த மனிதர். ஹம்சக்கா நிறுத்தவில்லை.

மறுநாள் நேரே மையத்துக்குப் போனாள். “இதை அழிக்கணும், இக்கா.”

“ஏன்? நல்லாத்தானே பேசினான்?”

“அவர் நிறுத்தச் சொன்னாரே.”

ஹம்சக்கா பதிவை அழித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

ஷிஜினா நடந்ததைச் சொன்னதும் பேராசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “புதுசா அனுமதி கேட்டா நாலு மாசம் ஓடிடும். உனக்கு இருக்கறதே ஒரு வருஷம். பழைய கேள்வியே இருக்கட்டும். அறிக்கையில அவங்க பேரையும் சேர்த்துப் போட்டுடு.”

சரி என்று வெளியே வந்தவள், வராந்தாவில் இரண்டு தடவை நடந்துவிட்டு மறுபடியும் உள்ளே போனாள். “புதுசாவே விண்ணப்பிக்கறேன், சார்.”

“அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது.”

அடுத்த முறை எல்லோருமாக உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்கள். முதல் பக்கத்திலேயே வல்சல சேச்சி சண்டைக்கு வந்தாள். “‘பாதிக்கப்பட்டவர்’னா யாரு? நானா? அதை அடி முதல்ல.”

ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்திருந்த ஹம்சக்கா மெல்லச் சொன்னார்: “நாதாபுரத்தானை நேத்துப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்குக் கேக்கத் தெரியலை. நீ சொல்லிக் கொடு, மோளே.”

“எனக்கும் அவ்வளவாத் தெரியாது, இக்கா. இதுவரைக்கும் எல்லாம் புத்தகத்துல படிச்சதுதான்.”

“நாசமாப் போச்சு!” என்று சேச்சி சிரித்தாள். “அப்போ உன்னை வெச்சே பழகறோம், உட்காரு.”

ஹம்சக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “சொல்லு, இந்த வேலைக்கு எதுக்கு வந்தே?”

ஷிஜினா துப்பட்டாவின் நுனியை முறுக்கினாள். இந்த முறை அவர் இடையில் புகாமல் காத்திருந்தார்.